கல் வீடுகளைக் காத்த கதாசிரியை

நீலச் சட்டை போட்ட ஒரு முயல் குட்டி. தாய் சொல்லைக் கேட்காமல் பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்துவிடும். முள்ளங்கியைத் தின்னும். தோட்டக்காரர் துரத்தும்போது சட்டையையும் செருப்பையும் போட்டுவிட்டு, மயிரிழையில் தப்பி வீடு வந்து சேரும். அதன் பெயர் பீட்டர். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த முயலைப் பலருக்கும் தெரிந்திருக்கும்.

இந்தக் கதையை எழுதிப் படமும் வரைந்தவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கிலப் பெண்மணி. கதை எழுதிப் புகழ் பெற்றவர்கள் ஏராளம். பணம் சேர்த்தவர்களும் உண்டு. அந்தப் பணத்தைக் கொண்டுபோய் மலைக் கிராமங்களில் பழைய கல் வீடுகளையும், அவற்றைச் சேர்ந்த நிலத்தையும், அந்த நிலத்தில் மேய்ந்த ஆடுகளையும் வாங்கிப் போட்டவர் என்று பார்த்தால் இவரைத் தவிர வேறு யாரும் எளிதில் நினைவுக்கு வரமாட்டார்கள்.

மூன்றாவது மாடி

பியாட்ரிக்ஸ் பாட்டர் 1866-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி லண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தாத்தா மான்செஸ்டர் பக்கத்தில் பருத்தித் துணிக்கு அச்சு போடும் பெரிய ஆலை வைத்திருந்தவர். தாய் வழியும் பருத்திப் பணம்தான். தந்தை ரூபர்ட் வக்கீல் பட்டம் பெற்றிருந்தாரே தவிர, வழக்கு நடத்திச் சம்பாதிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

அந்தக் காலத்துப் பணக்காரக் குடும்பங்களில் பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். வீட்டுக்கு ஆசிரியை வருவார். பியாட்ரிக்சின் சிறு வயது மாடி அறையிலேயே கழிந்தது. ஆறு வயது இளையவனான தம்பி பெர்ட்ராம் விடுதிப் பள்ளிக்குப் போன பிறகு, பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. முயல், சுண்டெலி, முள்ளெலி, பல்லி என்று அவர் வளர்த்த பிராணிகளே தோழர்கள். அவற்றை உட்கார வைத்து மணிக்கணக்கில் படம் வரைவார். செத்துப்போன பிராணிகளையும் விட்டதில்லை. அக்காளும் தம்பியும் அவற்றை வேகவைத்து, எலும்புக்கூட்டை எடுத்து அதையும் வரைந்தார்களாம்!

தானே உருவாக்கிக்கொண்ட ரகசிய எழுத்தில் பொடிப்பொடியாக நாட்குறிப்பும் எழுதி வந்தார். அதைப் படிக்கும் வழியை 1958-ல்தான் ஒருவர் கண்டுபிடித்தார். அதற்குள் அம்மையார் இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன.

பிறகு காளான்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். அவர் எழுதிய கட்டுரை 1897-ம் ஆண்டு லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் வேறொருவர். பெண்களுக்கு அந்தச் சங்கக் கூட்டத்தில் இடம் கிடையாது. ஒரு நல்ல விஞ்ஞானியை அந்தச் சங்கம் இழந்தது.

ஏரி மாவட்டம்

கோடை வந்தால் பாட்டர் குடும்பம் லண்டனை விட்டுக் கிளம்பிவிடும். முதலில் பல ஆண்டுகள் ஸ்காட்லாந்து. 1882-ல் முதல் முறையாக இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்துக்குப் போனார்கள். மலைகள், நடுநடுவே ஏரிகள், சரிவுகளில் ஆட்டு மந்தைகள், ஊசி மழை, அந்த மழையில் நனைந்து பச்சைக் கறுப்பாய் மின்னும் சிலேட்டுக் கல் கூரைகள். பியாட்ரிக்சுக்கு அப்போது 16 வயது.

அங்கே ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற பாதிரியார் குடும்ப நண்பரானார். அவருக்கு ஒரு கவலை இருந்தது. 1847-லேயே விண்டர்மியர் வரை ரெயில் வந்துவிட்டது. ஆலை முதலாளிகள் ஏரிக்கரைகளில் பெரிய பெரிய மாளிகைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாய்ச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தன. இப்படியே போனால் பொதுஜனங்களுக்கு என்ன மிஞ்சும் என்பது அவர் கேள்வி. அவரும் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர் ஆகிய இருவரும் சேர்ந்து 1895-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அழகிய இடங்களையும் பழைய கட்டடங்களையும் வாங்கி, மக்கள் பேரில் என்றென்றைக்கும் வைத்துக் காப்பதுதான் அதன் வேலை.

பாட்டர் குடும்பத்தின் செல்வமும் ஆலைப் பணம்தான். அவர்களும் கோடைக்கு மாளிகை வாடகைக்கு எடுத்துத் தங்கியவர்கள்தான். அந்த வீட்டுப் பெண்தான் பிறகு அந்தப் போக்குக்கே குறுக்கே போய் நின்றார்.

கடிதத்தில் பிறந்த முயல்

பியாட்ரிக்சுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியை ஒருவர் திருமணமாகிக் குழந்தைகளோடு இருந்தார். மூத்த பையன் நோயல் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டான். அவனுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், 1893 செப்டம்பர் 4-ந் தேதி பியாட்ரிக்ஸ் ஒரு முயல் கதையைப் படங்களோடு கடிதமாக எழுதி அனுப்பினார். அதுதான் பீட்டர்.

சில ஆண்டுகள் கழித்து அதைப் புத்தகமாக்க முயன்றார். குறைந்தது ஆறு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. சளைக்காமல், 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த ஆண்டு பிரடெரிக் வார்ன் கம்பெனி அதை வண்ணப் படங்களோடு வெளியிட்டது. புத்தகம் சூடாக விற்றது. அச்சு மேல் அச்சு போட வேண்டியதாயிற்று.

அந்தக் கம்பெனியில் அவருடைய புத்தகங்களைக் கவனித்தவர் நார்மன் வார்ன். தினமும் கடிதப் போக்குவரத்து. 1905 ஜூலையில் நார்மன் திருமணத்துக்குக் கேட்டார். பியாட்ரிக்சுக்கு 39 வயது நிறையவிருந்தது. பெற்றோர் ஒப்பவில்லை. புத்தக வியாபாரம் செய்பவர் தங்கள் அந்தஸ்துக்கு ஏற்றவர் அல்ல என்பது அவர்கள் கட்சி. பருத்தி வியாபாரத்தில் வந்த பணத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னார்கள்! பியாட்ரிக்ஸ் பணியவில்லை. மோதிரத்தைப் போட்டுக்கொண்டார்.

ஒரு மாதம்தான். ஆகஸ்டு 25-ந் தேதி நார்மன் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார்.

ஹில் டாப்

அந்த ஆண்டு நவம்பரில் பியாட்ரிக்ஸ் ஏரி மாவட்டத்தில் நியர் சாரே என்ற சின்னக் கிராமத்தில் ஒரு பண்ணையை வாங்கினார். பெயர் ஹில் டாப். விண்டர்மியர் ஏரிக்கும் ஹாக்ஸ்ஹெட் என்ற சிற்றூருக்கும் நடுவே இருக்கிறது. 34 ஏக்கர் நிலம். பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய வீடு. புத்தகங்களில் வந்த பணமும், ஒரு அத்தையின் சொத்தில் வந்த சிறு தொகையும் விலைக்குப் போயின.

அரண்மனையோ கோட்டையோ அல்ல. குடியானவர் வீடு. அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அகலமான கல்சுவர். கல் எங்கிருந்தும் வண்டி கட்டி வந்ததல்ல, வயலில் பொறுக்கியது, பக்கத்து மலையில் வெட்டியது. சில சுவர்களில் கற்களை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் வெளியே வழிந்துவிடும். மேலே பொடிக்கல் கலந்த பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு. கூரைக்கு உள்ளூர்ச் சிலேட்டுக் கல். கூரையின் அடி வரிசையில் பெரிய கற்கள், மேலே போகப் போகச் சிறியவை. வெட்டி எடுத்த கல்லில் பெரிதும் சிறிதும் வீணாகாமல் இருக்கவும், பாரம் சுவரின் மேல் நேராக இறங்கவும் கண்ட வழி அது. ஹில் டாப்பின் வாசல் முகப்புகூடப் பெரிய சிலேட்டுப் பாளங்களை நிறுத்திக் கட்டியதுதான்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு வரைபடம் போட்ட எஞ்சினீயர் யாரும் இல்லை. கட்டிய கொத்தனார் பெயரும் யாருக்கும் தெரியாது. அதனாலேயே அதற்கு மதிப்பில்லை என்று ஊர் நினைத்தது. பிரபு வம்சத்து மாளிகை இடிந்தால் பத்திரிகையில் செய்தி வரும். குடியானவர் வீடு இடிந்தால் கல் விலைக்குப் போகும்.

வீட்டில் ஜான் கேனன் என்ற பண்ணை ஆள் மனைவி மக்களோடு குடியிருந்தார். லண்டன் சீமாட்டி வாங்கிவிட்டார், இனி கேனன் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அம்மையார் அப்படிச் செய்யவில்லை. பழைய வீட்டை ஒட்டி அதே பாணியில் ஒரு பகுதியைக் கட்டி, கேனன் குடும்பத்தை அங்கே இருத்தினார். சுவரில் தன் பெயரின் முதல் எழுத்துகளையும் 1906 என்ற ஆண்டையும் பதித்தார். பழைய பகுதியைத் தனக்கு வைத்துக்கொண்டார். பண்ணை வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

மாமூலாக நடப்பது வேறு. பட்டணத்துக்காரர் கிராமத்து வீட்டை வாங்கினால் குடியானவர் வெளியேறுவார். நிலம் துண்டு துண்டாகப் போகும். வீடு வருடத்தில் இரண்டு மாதம் திறந்திருக்கும், பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். கூரை ஒழுகினால் பார்க்க ஆள் இருக்காது. அடுப்பு எரியாத கல் வீடு ஈரம் குடித்துக் கெட்டுப்போகும். கல் வீட்டைக் காப்பது உள்ளே எரியும் அடுப்பும் வெளியே நடக்கும் பண்ணையும்தான் என்பதை அம்மையார் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டார்.

வீட்டில் எலித் தொல்லை சொல்லி மாளாது. சுவரின் கனத்துக்குள்ளேயே எலிகள் பாதை போட்டு வைத்திருந்தன. அம்மையார் கதவடியில் துத்தநாகத் தகடு அடித்துப் பார்த்தார். பிறகு எலிகளையே கதையாக்கிவிட்டார். பூனைக்குட்டியைப் பிடித்து மாவில் சுருட்டிப் பலகாரம் செய்யப் பார்க்கும் எலித் தம்பதி கதை 1908-ல் வந்தது. அதில் வரும் மாடிப்படி, அடுப்பங்கரை, அலமாரி எல்லாம் ஹில் டாப் வீட்டில் உள்ளவை.

திருமதி ஹீலிஸ்

1909-ல் எதிர்ப்பக்கம் இருந்த காசில் பண்ணையையும் வாங்கினார். பத்திர வேலைகளைப் பார்த்தவர் ஹாக்ஸ்ஹெட் வக்கீல் வில்லியம் ஹீலிஸ். அளந்து பேசும் நல்ல மனிதர். எந்த நிலம் விற்பனைக்கு வருகிறது, எல்லை எது, வில்லங்கம் உண்டா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. 1913 அக்டோபர் 15-ந் தேதி இருவருக்கும் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது 47. இந்த முறையும் பெற்றோர் முகம் சுளித்தார்கள்.

தம்பதி காசில் பண்ணை வீட்டில் குடியேறினார்கள். ஹில் டாப்பை அம்மையார் அப்படியே வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் எந்தப் பழைய வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்தாலும் போய்விடுவார். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்த ஓக் மர அலமாரிகளைப் பழம்பொருள் வியாபாரிகள் அள்ளிப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை.

கண் பார்வையும் மங்கத் தொடங்கியதால் புத்தகம் எழுதுவது குறைந்தது. ஊரார் அவரைக் கதாசிரியையாக எண்ணவே இல்லை. அவர்களுக்கு அவர் திருமதி ஹீலிஸ், ஆட்டுப் பண்ணைக்காரி. முரட்டுக் கம்பளி உடையும், மரக் கட்டை அடித்த செருப்பும், மழை வந்தால் தோளில் ஒரு சாக்குமாகத் திரிவார். வழியில் போன நாடோடி ஒருவன் அவரையும் தன்னைப் போன்ற ஒருத்தி என்று எண்ணி, நம் போன்றவர்களுக்கு இந்த மழை கஷ்டம்தான் என்று அனுதாபப்பட்டானாம். அம்மையார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். சந்தையில் பேரம் பேசுவதிலும் கெட்டிக்காரி. கறாரான முதலாளியும்கூட.

ஆடு இல்லாமல் வீடு இல்லை

1923-ல் டிரவுட்பெக் பார்க் என்ற பெரிய மலைப் பண்ணை விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய 2,000 ஏக்கர். ஆடுகளுக்கு நோய், நிலமெல்லாம் சதுப்பு. துண்டு போட்டு வீட்டு மனையாக விற்றுவிடுவார்கள் என்ற பேச்சு கிளம்பியது. அம்மையார் வாங்கினார். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். ஆடுகளின் ஈரல் புழு நோய்க்குப் புதிய மருந்து கொடுத்தார். டாம் ஸ்டோரி என்ற தேர்ந்த மேய்ப்பரை வேலைக்கு அமர்த்தினார்.

இங்கே ஹெர்ட்விக் ஆடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த மலைக்கே உரிய சாதி அது. பிறக்கும்போது குட்டி கறுப்பாக இருக்கும். வயது ஏற ஏறச் சாம்பல் நிறம் ஆகும். பனியையும் காற்றையும் தாங்கும். அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. மேல் மலையில் வேலி கிடையாது. ஆனால் ஒரு பண்ணையின் ஆடு இன்னொரு பண்ணையின் மேய்ச்சலுக்குப் போகாது. எது தன் எல்லை என்பதைக் குட்டி தாயிடம் கற்றுக்கொள்கிறது. அந்தக் குட்டி வளர்ந்து தன் குட்டிக்குச் சொல்லிக் கொடுக்கிறது. எனவே பண்ணை கைமாறினாலும் மந்தை அங்கேயே இருக்க வேண்டும். ஒருமுறை மந்தையை விற்றுவிட்டால், வெளியிலிருந்து வாங்கி விடும் ஆடுகள் திசை தெரியாமல் அலையும். அந்த எல்லையறிவு திரும்பி வருவது எளிதல்ல.

ஆடு போனால் மேய்ச்சல் போயிற்று. மேய்ச்சல் போனால் குத்தகைக்காரர் போய்விடுவார். அப்புறம் சாந்தில்லாமல் கல் மேல் கல் அடுக்கிய மைல் கணக்கான வேலிச் சுவர்களைச் சரி பார்ப்பவர் யார்? தொழுவத்துக் கூரையில் நழுவிய சிலேட்டை ஏறி மாட்டுபவர் யார்? அம்மையார் ஆடுகளின் மேல் அவ்வளவு அக்கறை காட்டியதற்கு இதுதான் காரணம்.

1930-ல் இன்னும் பெரிய காரியம் செய்தார். கானிஸ்டன் ஏரியின் தலைப்பில் மாங்க் கானிஸ்டன் எஸ்டேட், சுமார் 4,000 ஏக்கர், விற்பனைக்கு வந்தது. நேஷனல் டிரஸ்டிடம் கையில் பணம் இல்லை. சிதறிப் போகுமுன் அம்மையார் முழுவதையும் வாங்கி, பாதியை வாங்கிய விலைக்கே டிரஸ்டுக்குக் கொடுத்தார். டிரஸ்டின் பாதியையும் பல ஆண்டுகள் அவரே நிர்வாகம் செய்தார். எந்த வீட்டில் புகைபோக்கி விரிந்திருக்கிறது, எந்தக் களத்துக்கு வாசற்கதவு வேண்டும், எந்த மரத்தை வெட்டலாம் என்பது வரை அவர் பார்வை போயிற்று. அறுபது வயதுக்கு மேல் இந்த வேலை. அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்த அதிகாரி, மண்ணும் மரமும் தெரியாதவர் என்பது அவர் எண்ணம். கோபமாகக் கடிதங்கள் எழுதினார்.

அந்த எஸ்டேட்டில் யூ ட்ரீ என்ற பண்ணை வீடு. கம்பளி நூற்பதற்கென்று மாடியில் திறந்த மரத் தாழ்வாரம் வைத்த பழைய கட்டடம். அந்த ஆண்டுகளில் கம்பளிக்கும் கறிக்கும் விலை விழுந்து, குடியானவர்கள் திண்டாடினார்கள். அம்மையார் அந்த வீட்டின் ஒரு கூடத்தில் தன் பழைய மரச் சாமான்களைப் போட்டு, அங்கே வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுத்துக் குத்தகைக் குடும்பம் நாலு காசு பார்க்க வழி செய்தார். 2006-ல் அம்மையாரின் வாழ்க்கை திரைப்படமாக வந்தபோது, இந்த வீடுதான் ஹில் டாப்பாக நடித்தது!

எழுதி வைத்தது

1943-ல் ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் அவரை அடுத்த தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவரும் உட்காரவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி காசில் பண்ணை வீட்டில் காலமானார். வயது 77. அஸ்தியை டாம் ஸ்டோரி ஹில் டாப்புக்கு மேலே ஓரிடத்தில் தூவினார். எந்த இடம் என்பதைச் சொல்லக் கூடாது என்பது அம்மையாரின் உத்தரவு.

4,000 ஏக்கருக்கு மேல் நிலம், 14 பண்ணைகள், பல குடிசைகள், மந்தைகள் அவ்வளவும் கணவர் காலத்துக்குப் பிறகு நேஷனல் டிரஸ்டுக்கு என்று எழுதி வைத்திருந்தார். மலைப் பண்ணைகளில் அசல் ஹெர்ட்விக் ஆடுகளையே வளர்க்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. வில்லியம் ஹீலிஸ் 1945-ல் இறந்தார். 1946-ல் ஹில் டாப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, படத்தில் உள்ள அலமாரி இதுதானா என்று பார்க்கக் குழந்தைகள் வந்தார்கள். வீடு சின்னது, கூட்டம் பெரிது. நேரம் குறித்த சீட்டு கொடுத்துத்தான் உள்ளே விட வேண்டியிருந்தது.

ஆனால் உயில் எழுதியதோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2005-ல் கானிஸ்டன் பக்கம் ஹை யூடேல் என்ற பண்ணையின் குத்தகைக்காரர் ஓய்வு பெற இருந்தார். அதுவும் அம்மையார் விட்டுச் சென்ற பண்ணைகளில் ஒன்று. இனி அதைத் தனிப் பண்ணையாக நடத்துவது கட்டுப்படியாகாது, நிலத்தை அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று டிரஸ்ட் முடிவு செய்தது. வீட்டை யாரும் இடிக்கப் போவதில்லை. ஒரு கல்லைக்கூட அசைக்கப் போவதில்லை. ஆனாலும் வட்டாரத்து விவசாயிகள் கொதித்தார்கள். நிலம் இல்லாத பண்ணை வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அம்மையார் விரும்பியது இதுவா என்று கேட்டார்கள். பக்கத்துப் பண்ணைகளாவது பிழைக்குமே என்பது டிரஸ்டின் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

2017-ல் யுனெஸ்கோ ஏரி மாவட்டத்தை உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. மலை ஏரிகளின் இயற்கை அழகுக்காக மட்டும் அந்த இடம் கிடைக்கவில்லை. தலைமுறைகளாக நடந்துவரும் ஆட்டுப் பண்ணைகளும், கல் வேலிகளும், அவற்றைக் காக்க அங்கே தோன்றிய இயக்கமும் சேர்ந்தே அந்தப் பட்டியலில் ஏறின.